ஆப்டிக் நியூரைட்டிஸ்: ரத்த ஓட்டத்தை எங்கே தேடுவது, எங்கே விடுவது

முப்பது வயதைத் தாண்டாத பெண். நான்கு நாளாக வலது கண் மங்கல். கண்ணை அசைத்தால் உள்ளுக்குள் வலி, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிகிறது. கையில் ஒரு டாப்ளர் (ரத்தத்தின் வேகத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட், அதில் மத்திய விழித்திரைத் தமனியில் வேகம் குறைவு என்று ஒரு வரி. கூடவே ஆஸ்பிரின், ஒரு விட்டமின் மாத்திரை, "கண்ணுக்கு ரத்தம் சரியாப் போகலை" என்ற விளக்கம். அந்த எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் இந்த நோயில், அதாவது ஆப்டிக் நியூரைட்டிஸ் என்ற பார்வை நரம்பு அழற்சியில், பார்வை போவதற்குக் காரணம் ரத்தம் குறைவது இல்லை. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில் அழற்சி வந்து சமிக்ஞை தடைப்படுவதுதான். குழாய்களில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வருவது.

அதற்காக ரத்த ஓட்டத்தையும் பிபியையும் ஒதுக்கிவிட முடியாது. நோயைப் பிரித்தறியும்போதும், ஸ்டீராய்டு ஏற்றும்போதும், நீண்டகால மருந்து தொடங்கும்போதும் இதயமும் ரத்தக்குழாயும் கணக்குக்குள் வந்துவிடும்.

முதலில் குழாய்கள் போகும் வழி. உள் கரோட்டிட் தமனியிலிருந்து ஆப்தால்மிக் தமனி பிரிகிறது. அதன் கிளையான மத்திய விழித்திரைத் தமனி, விழிக்கோளத்துக்கு ஏறக்குறைய 10–12 மி.மீ. பின்னால் நரம்புக்குள் நுழைந்து விழித்திரையின் உள்ளடுக்குகளுக்குப் போகிறது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள குழாய் அடுக்கான கோராய்டுக்கும், பார்வை நரம்பு கண்ணில் தொடங்கும் இடமான ஆப்டிக் டிஸ்க்கின் பெரும்பகுதிக்கும் ரத்தம் தருபவை பின்சிலியரித் தமனிகள். டிஸ்க்கின் மேற்பரப்பில் உள்ள நரம்பிழை அடுக்கு மட்டும் விழித்திரைத் தமனியை நம்பியிருக்கிறது. டிஸ்க்குக்குப் பின்னால் கண்குழிக்குள் ஓடும் நரம்புக்கு, அதைப் போர்த்தியுள்ள பயா உறையின் நுண்குழாய்கள்தான் முக்கிய ஊட்டம். ஆப்டிக் நியூரைட்டிஸ் அதிகம் தாக்குவது இந்தப் பின்பகுதியை. 1992-ல் முதல் முடிவுகள் வெளியான அமெரிக்க ஆப்டிக் நியூரைட்டிஸ் சிகிச்சை ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு டிஸ்க் பார்க்க இயல்பாகவே இருந்தது. ஆக, டாப்ளரில் சுலபமாக அளக்கும் குழாய்கள் வேறு, நோய் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ரத்தம் தரும் குழாய்கள் வேறு. இதை நினைவில் வைத்தால் பாதி ரிப்போர்ட்டுகள் பயமுறுத்தாது.

கண்ணுக்குள் இரண்டு வகைக் கட்டுப்பாடு இருக்கிறது. விழித்திரைக் குழாய்களுக்கு தன்னியக்க நரம்புகள் வருவதில்லை. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, எண்டோதெலின், குழாய்ச் சுவரின் இழுவிசை இவற்றை வைத்து அங்கேயே சமாளித்துக்கொள்கின்றன. பிபி கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஓட்டம் மாறாது. கோராய்டு நேர் எதிர். கண்ணுக்கு வரும் ரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அங்கேதான் போகிறது. அதைத் தன்னியக்க நரம்புகளின் இரு பிரிவுகளான பரிவு, எதிர்ப்பரிவு நரம்புகள் இரண்டும் பிடித்து வைத்திருக்கின்றன. ஓடும்போது, பளு தூக்கும்போது பிபி எகிறினால் கோராய்டில் ரத்தம் பொங்காமல் தடுப்பதில் பரிவு நரம்புக்குப் பங்கு உண்டு. ஆகவே தன்னியக்க நரம்பு மண்டலம் பழுதுபட்ட ஒருவருக்குக் கண்ணில் முதலில் தடுமாறக்கூடியது கோராய்டும் அதோடு ரத்தத்தைப் பகிரும் டிஸ்க்கும்தான்.

இனி அழற்சி. முதல் சில நாட்களில் நரம்புக்குள் நுண்சிரைகளைச் சுற்றி வெள்ளணுக்கள் கூடுகின்றன, ரத்த-நரம்புத் தடை கசிகிறது. கொழுப்பை அடக்கி எடுத்த எம்ஆர்ஐயில் கடோலினியம் ஏற்றினால் நரம்பு பளிச்சென்று தெரிவது இதனால். அழற்சி உள்ள எந்தத் திசுவையும் போல இங்கேயும் ரத்தம் கூடத்தான் வாய்ப்பு அதிகம். டிஸ்க் வீங்கிய நோயாளிகளில், ஜப்பானில் பரவலாகப் புழங்கும் லேசர் ஸ்பெக்கிள் கருவியால் பார்த்தால், நோயுற்ற கண்ணின் டிஸ்க்கில் ஓட்டம் மறு கண்ணைவிட அதிகமாகவே காட்டுகிறது. டாப்ளர் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தீவிர கட்டத்தில் ஆப்தால்மிக் தமனியின் வேகம் ஏறியதாகச் சில, விழித்திரைத் தமனியில் இறங்கியதாகச் சில. வீங்கிய நரம்பு அதன் உள்ளே ஓடும் தமனியை நெருக்கினால் வேகம் எந்தப் பக்கமும் போகலாம் என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை.

மாதங்கள் கழிந்ததும் படம் திரும்புகிறது. நரம்பிழைகள் மடிந்த இடத்தில் ஆக்சிஜன் தேவை குறைகிறது, நுண்குழாய்களும் குறைகின்றன. கண்ணின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடியின் ஆஞ்சியோ முறையில் டிஸ்க்கைச் சுற்றிக் குழாய் அடர்த்தி குறைவாகத் தெரிவது அந்தக் கட்டத்தில்தான். விழித்திரையின் நரம்பணுக்கள் உள்ள கேங்லியன் அடுக்கு மெலிந்த இடமும் குழாய் குறைந்த இடமும் பொதுவாக ஒத்துப்போகும். குடும்பம் காலி செய்த வீட்டில் தண்ணீர் மீட்டர் ஓடாததைப் பார்த்து, தண்ணீர் வராததால்தான் குடும்பம் போனது என்று முடிவுகட்டுவது எவ்வளவு சரியோ, இந்தக் குறைவை நோயின் காரணமாகச் சொல்வதும் அவ்வளவுதான் சரி.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆப்டிக் நியூரைட்டிஸோடு அடிக்கடி சேர்ந்து வரும், மூளையிலும் தண்டுவடத்திலும் மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் எண்டோதெலின் என்ற குழாய்ச் சுருக்கி ரத்தத்தில் கூடுதலாக இருப்பதை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் குழு காட்டியது. பின்னர் 2013-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள், அந்த நோயாளிகளின் மூளையில் குறைந்திருந்த ரத்த ஓட்டம் எண்டோதெலினைத் தடுக்கும் போசென்டான் கொடுத்ததும் மீண்டதைப் பதிவு செய்தார்கள். ஆக, ரத்தக்குழாய் வெறும் பார்வையாளர் இல்லை என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் ஓட்டம் கூடியதால் பார்வை கூடியது என்று யாரும் காட்டவில்லை. போசென்டானோ கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, கருவுக்கு ஆபத்தானது. இளம்பெண்களுக்கு அதிகம் வரும் நோயில் அதை இந்தக் காரணத்துக்காக எழுதுவது விபரீதம்.

ரத்த ஓட்டம் உண்மையிலேயே வழக்கைத் தீர்க்கும் இடம், இஸ்கீமியாவை, அதாவது ரத்தம் போதாமல் நரம்பு பழுதாவதைப் பிரித்தறிவது. ஐம்பது கடந்தவர், காலையில் எழுந்ததும் ஒரு கண்ணில் பாதி மறைந்தது போல இருக்கிறது, வலி இல்லை, மேல் பாதியோ கீழ் பாதியோ காட்சிப்புலம் போயிருக்கிறது, டிஸ்க் வீங்கி ஓரத்தில் தீற்றலாக ரத்தக்கசிவு, மறு கண்ணின் டிஸ்க் சின்னதாக, குழியில்லாமல் நெருக்கமாக இருக்கிறது: இது தமனி அழற்சியில்லாத முன் இஸ்கீமிக் ஆப்டிக் நியூரோபதி. பின்சிலியரித் தமனிகளின் ஓட்டத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய சோஹன் சிங் ஹயிரே, இரவில் பிபி அளவுக்கு மீறி இறங்குவதை இதன் பின்னணியாகத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். லேசர் ஸ்பெக்கிளில் இங்கே டிஸ்க் ஓட்டம் மறு கண்ணைவிடக் குறைவு. நியூரைட்டிஸுக்கு நேர் எதிர். சாயம் ஏற்றிப் படமெடுக்கும் ஃப்ளோரசின் ஆஞ்சியோவில் டிஸ்க்கின் ஒரு பகுதி தாமதமாக நிரம்பும். கோராய்டின் பெரும் பரப்பே கறுத்துக் கிடந்தால், அதோடு தலைவலி, மெல்லும்போது தாடை வலி, ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற அழற்சி அளவுகளின் உயர்வு இருந்தால், அது ஜயண்ட் செல் தமனி அழற்சி. அன்றே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். பயாப்சிக்குக் காத்திருந்தால் மறு கண்ணும் போகக்கூடும்.

டாப்ளர் எடுப்பதாக இருந்தால் ஒழுங்காக எடுக்க வேண்டும். நோயாளி மல்லாந்து படுத்து ஐந்து நிமிடம் ஓய்வு. கண்களை மூடி, மூடிய இமைக்குள் நேராகப் பார்க்கச் சொல்ல வேண்டும். 7.5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரையிலான லீனியர் புரோப். கருவியில் கண்ணுக்கான பிரீசெட்டைப் போட மறக்கக் கூடாது. ஒலி அலையின் வலிமையைக் காட்டும் மெக்கானிக்கல் இண்டெக்ஸுக்குக் கண்ணில் வரம்பு 0.23, வயிற்று ஸ்கேன் அமைப்பிலேயே விட்டால் அதைத் தாண்டிவிடும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, புரோப் ஜெல்லின் மேல் நிற்க வேண்டும், இமையின் மேல் அல்ல. கையைக் கன்னத்திலோ நெற்றியிலோ ஊன்றிக்கொள்ளலாம். எல்லாத் தவறுகளிலும் அடிக்கடி நடப்பது இங்கேதான்: புரோப் அழுத்தினால் கண் அழுத்தம் ஏறும், விரிநிலை (இதயம் விரியும் கட்டம்) முடிவு வேகம் முதலில் விழும், தடை எண் பொய்யாக ஏறும். மேலே சொன்ன பெண்ணின் ரிப்போர்ட்டில் உள்ள "குறைவு" அப்படி வந்ததா என்பது ரிப்போர்ட்டைப் பார்த்தால் தெரியாது. அதோடு கண்ணை அழுத்தினால் முப்பெரு நரம்பு வழியாக, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடியும் குறையலாம்.

டிஸ்க்குக்குப் பின்னால் சில மில்லிமீட்டருக்குள், நரம்பின் கறுத்த நிழலுக்கு நடுவில் விழித்திரைத் தமனியைப் பிடிக்க வேண்டும். கோட்டுக்கு மேலே தமனியின் அலை, கீழே சிரையின் தொடர்ச்சியான பட்டை, இரண்டும் ஒரே சட்டத்தில் வந்தால் சரியான இடம். ஆப்தால்மிக் தமனி வளைந்து நெளிந்து போவதால் கோணத் திருத்தம் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் அந்த வேகத்தை எழுதாமல் விடுவதே மேல். தடை எண் என்பது உச்ச வேகத்திலிருந்து விரிநிலை முடிவு வேகத்தைக் கழித்து, உச்ச வேகத்தால் வகுப்பது. கோணத் தவறு மேலும் கீழும் அடிபட்டுப் போவதால் வேகத்தைவிட அது நம்பகமானது. மூன்று அலைகளின் சராசரி, இரண்டு கண்ணுக்கும், அதே உட்காரலில். அப்போதைய பிபியும் நாடியும் ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து எடுப்பதோடு ஒப்பிட முடியாது. இன்னொன்று, டாப்ளர் தருவது வேகம், ஓட்டம் இல்லை. விழித்திரைத் தமனியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது, அல்ட்ராசவுண்டால் அதை அளக்க முடியாது. விட்டம் தெரியாமல் ஓட்டத்தைச் சொல்ல வழியில்லை.

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு, அதிகம் பேர் செய்வதில்லை. விரிநிலை பிபியோடு, சுருங்குநிலைக்கும் விரிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சராசரி பிபி. உட்கார்ந்தோ நின்றோ அளந்ததென்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, கண் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது கண்ணின் ஊடுருவல் அழுத்தம். பிபி 120/75, கண் அழுத்தம் 15 என்றால்: சராசரி 90, மூன்றில் இரண்டு 60, கழித்தால் 45. அதே ஆள் எழுந்து நின்றதும் பிபி 93/60 ஆனால்: சராசரி 71, மூன்றில் இரண்டு 47, கழித்தால் 32. இவருக்கே வாரக்கணக்கில் ஸ்டீராய்டு போய்க் கண் அழுத்தம் 27-க்கு ஏறியிருந்தால் மிஞ்சுவது 20. இந்த மூன்றாவது நிலையில் நரம்பு எவ்வளவு தாங்கும் என்று பந்தயம் கட்டத் தேவையில்லை. பிபி, கண் அழுத்தம் இரண்டில் திருத்தக்கூடியதைத் திருத்தினால் போதும்.

எழுந்து நின்றால் பிபி விழுவது இந்த நோயாளிகளுக்கு ஏன் வர வேண்டும்? கண்ணில் அழற்சி வந்ததால் வருவதில்லை. அதே நோய் மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் இருந்தால் வருகிறது. பிபியைச் சமன்படுத்தும் பேரோ அனிச்சை, கழுத்துத் தமனியிலிருந்தும் மகாதமனியிலிருந்தும் கிளம்பி முகுளத்தில் போய்ச் சேர்ந்து, வேகஸ் வழியாகவும் தண்டுவடம் இறங்கும் பரிவு நரம்புகள் வழியாகவும் திரும்புகிறது. இந்தப் பாதையில் எங்கே மயலின் உரிந்தாலும் அனிச்சை மழுங்கும். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் இன்னொரு நோயான நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவில் அழற்சிக்குப் பிடித்தமான இடம், முகுளத்தில் வாந்தியைத் தூண்டும் ஏரியா போஸ்ட்ரீமா. பேரோ அனிச்சையின் முதல் நிலையம் அதற்குப் பக்கத்து வீடு. நிற்காத விக்கல், காரணமில்லாத வாந்தி என்று சில வாரம் முன்பு வயிற்று டாக்டரிடம் போய்வந்தீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த நோயைக் காட்டும் அக்வபோரின்-4 ஆன்டிபாடிக்கு ரத்தம் அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது. மயலின் புரதத்தைத் தாக்கும் மாக் (MOG) ஆன்டிபாடியையும் சேர்த்தே, செல் முறையில் பார்க்கும் லேபில். பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) மாற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும்.

படுக்கையருகே சோதனை. ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிபி, நாடி. பிறகு எழுந்து நிற்க வைத்து 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும். சுருங்குநிலை 20 அல்லது விரிநிலை 10 இறங்கினால் நிற்கும்போதான தாழ்பிபி. உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்கினால் பாதி வீழ்ச்சி ஏற்கனவே நடந்து முடிந்திருக்கும், கிடைக்காது. நிற்கும்போது பட்டி கட்டிய கையை இதய மட்டத்துக்குத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொங்கவிட்டால் அளவு ஏறிக்காட்டி வீழ்ச்சியை மறைத்துவிடும். நாடியையும் பாருங்கள். பிபி 27 இறங்கியதற்கு நாடி 14-கூட ஏறவில்லையென்றால், அதாவது ஏற்றம் இறக்கத்தில் பாதியைத் தொடவில்லையென்றால், நீர்ச்சத்துக் குறைவைவிட நரம்புப் பழுதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஈசிஜி இருந்தால் ஆழ்மூச்சுச் சோதனை: 5 வினாடி இழுத்து 5 வினாடி விட்டு, நிமிடத்துக்கு 6 மூச்சு. அதிகபட்ச நாடிக்கும் குறைந்தபட்ச நாடிக்கும் வித்தியாசம் 15-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது, 10-க்குள் என்றால் வேகஸ் மந்தம். வயது ஏற ஏற இந்த எண் தானாகவே குறையும் என்பதால், அறுபது வயதுக்காரருக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. மூச்சை அடக்கி முக்கும் வால்சால்வா சோதனையை, புதுக்குழாய் வளர்ந்த நீரிழிவு விழித்திரை உள்ளவருக்குச் செய்ய வேண்டாம்; முக்கும்போது கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். எல்லாவற்றையும் ஸ்டீராய்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. மருந்து ஏறிய பிறகு நாடியும் பிபியும் மருந்தின் பேச்சைத்தான் கேட்கும்.

இனி ஸ்டீராய்டு: சிரை வழியாக மெத்தில்பிரெட்னிசோலோன், நாளுக்கு 1 கிராம், மூன்று நாள். அந்த அமெரிக்க ஆய்வில் இதை 250 மி.கி.யாக ஆறு மணிக்கொரு முறை கொடுத்தார்கள், பிறகு 11 நாள் கிலோவுக்கு 1 மி.கி. வாய்வழி. ஊசியால் பார்வை சீக்கிரம் திரும்பியது, ஆனால் ஓராண்டு முடிவில் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே கிலோவுக்கு 1 மி.கி. அளவை ஊசியில்லாமல் மாத்திரையாக மட்டும் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடியது. அந்தப் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. நியூரோமைலைட்டிஸ் என்றால் கதை வேறு. சில நாளில் திருப்பம் இல்லையென்றால் பிளாஸ்மா மாற்றுக்குப் போக வேண்டும், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பார்வையில் கழியும்.

ஏற்றுவதற்கு முன் சர்க்கரை, பொட்டாசியம், பிபி, ஈசிஜி, காசநோய் உள்ளிட்ட தொற்றுச் சோதனை. 1 கிராமை நார்மல் சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். வரிசையில் ஆள் நிற்கிறது என்று பத்து நிமிடத்தில் தள்ளினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி, நின்றேபோன சம்பவங்களும் உண்டு. மெதுவாக ஏற்றினாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் நாடி 50-க்குக் கீழே இறங்கலாம். மயக்கமோ நெஞ்சுவலியோ இல்லையென்றால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருந்தால் போதும், சில நாளில் தானாகத் திரும்பும். பொட்டாசியம் குறைவாக இருக்கும்போது மட்டும் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த கண்ணி சொட்டு மருந்தில். ஸ்டீராய்டால் கண் அழுத்தம் ஏறினால் கை தானாக டிமோலோலுக்குப் போகும். 0.5 சதவீதக் கரைசலின் ஒரு சொட்டில் சுமார் 0.2 மி.கி. மருந்து. கண்ணீர்க் குழாய் வழி மூக்குக்கு இறங்கி, கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலப்பதால் அளவைவிட வேலை அதிகம் செய்யும், நாடியையும் குறைக்கும். இதே நோயாளிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்காக ஃபிங்கோலிமோட் தொடங்கினால் அதுவும் முதல் வேளையில் நாடியைக் குறைக்கும். அதனால்தான் முதல் மாத்திரைக்குப் பிறகு 6 மணி நேரம், மணிக்கொரு முறை நாடி, பிபி, முன்னும் பின்னும் ஈசிஜி என்ற விதி. நரம்பு டாக்டரிடம் மாத்திரைப் பட்டியல் கொடுக்கும்போது சொட்டு மருந்தை யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள். சொட்டு விட்டதும் மூக்கோரக் கண் மூலையை இரண்டு மூன்று நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் போவது வெகுவாகக் குறையும். ஃபிங்கோலிமோட் எடுப்பவருக்கு 3–4 மாதத்தில் விழித்திரையின் மையமான மாகுலாவில் நீர் கோத்திருக்கிறதா என்று ஓசிடி எடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நோய் ஆறிய பிறகு வரும் தற்காலிக மங்கல்தான் நோயாளிகளை அதிகம் அலைக்கழிப்பது. சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால், வெந்நீரில் குளித்தால், மாடி ஏறினால் பழைய கண் மங்கிவிடும்; நிழலில் உட்கார்ந்து உடம்பு ஆறினால் சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தெளியும். 1890-ல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் பதிவு செய்தது இது. அவர் உடற்பயிற்சியைத்தான் கவனித்தார்; உண்மையான காரணி உடல் வெப்பம் என்பது பின்னால் தெளிந்தது. மயலின் மெலிந்த இழையில், வெப்பம் அரை டிகிரி ஏறினாலும் சமிக்ஞை நின்றுவிடும். ரத்த ஓட்டத்துக்கு இதில் வேலையில்லை, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைக்கும் வேலையில்லை. குளிர்ந்த நீர், ஈரத்துண்டு, வெயில் தாழ்ந்து நடைப்பயிற்சி போதும். காய்ச்சல் இல்லாமலே 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் நோய் திரும்பியிருக்கலாம் என்று வர வேண்டும். இதற்கு மாறாக, எழுந்து நின்றதும் இரண்டு கண்ணும் சாம்பல் பூத்து, உட்கார்ந்தால் தெளிந்தால் அது பிபி விவகாரம். குனிந்து நிமிரும்போது சில வினாடி இருட்டினால் தலைக்குள் அழுத்தம் ஏறி டிஸ்க் வீங்கியிருக்கிறதா பார்க்க வேண்டும். ஐம்பது தாண்டியவருக்கு ஒரு கண்ணில் திரை இறங்கியது போல மறைந்து சில நிமிடத்தில் விலகினால் அன்றைக்கே கரோட்டிட் தமனியைப் பார்க்க வேண்டும். அதுவே உண்மையான ரத்த ஓட்டப் பிரச்சினை.

"ரத்த ஓட்டம் கூட" என்று சிரசாசனம் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் யோகா பயிற்சியாளர்களிடம் அளந்து 2006-ல் வெளியான ஆய்வில், சிரசாசனத்தில் கண் அழுத்தம் இரண்டு மடங்கானது. நரம்பிழை ஏற்கனவே மெலிந்த கண்ணுக்கு இது வேண்டாத சோதனை. மற்ற ஆசனங்களும் மூச்சுப்பயிற்சியும் தாராளமாகச் செய்யலாம்.

தொடர்ந்து பார்ப்பதற்கு ரத்த ஓட்டத்தைவிட ஓசிடி உதவும். கேங்லியன் அடுக்கு 4–6 வாரத்திலேயே மெலியத் தொடங்கும். நரம்பிழை அடுக்கு முதலில் வீங்கியிருக்கும் என்பதால் அதன் உண்மை நிலை 3 முதல் 6 மாதத்தில்தான் தெரியும். அதற்கு முன் எடுத்து "இயல்பு" என்று வந்தால் நம்பிவிடக் கூடாது. நரம்பிழை அடுக்கின் சராசரித் தடிமன் 75 மைக்ரானுக்குக் கீழே போனவர்களுக்குக் காட்சிப்புலத்தில் நிரந்தரக் குறை தங்குவது அதிகம். ஓசிடி ஆஞ்சியோவும் எடுத்தால் டிஸ்க் வீக்கம் வடிந்த பிறகு எடுங்கள். வீக்கத்தின்போது கருவி அடுக்குகளைத் தவறாக வெட்டி, இருக்கிற குழாயையும் இல்லையென்று காட்டும்.